குரலும் ஒரு கையொப்பமே



நூலைக் கையில் எடுத்து வாசிப்பதற்குப் பதிலாகக் காதால் கேட்டு அறியும் வழக்கம் நம் இல்லங்களில் மீண்டும் தலையெடுத்திருக்கிறது. ‘மீண்டும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதிகாசங்களும் புராணங்களும் நம் முன்னோரை வந்தடைந்தது பெரும்பாலும் செவிவழியாகத்தான். எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை விரித்து வாசிப்பார். மற்றொருவர் பொருள் விளக்குவார். திண்ணை நிறைய மக்கள் அமர்ந்து கேட்பார்கள். இன்று அந்தத் திண்ணையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. கண்புரை முதிர்ந்த பாட்டனாரும், சமையலறையில் கை ஓயாத இல்லத்தரசியும், பேருந்தில் நின்றபடியே அலுவலகம் செல்லும் இளைஞரும் இப்போது ஒலிநூல் கேட்கிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திண்ணையில் வாசித்தவர் யார் என்பதை ஊரார் அறிவர். கைப்பேசியில் ஒலிக்கும் இனிய குரலோ ஒரு மனிதருடையதா, அல்லது செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டதா என்பது பல வேளைகளில் கேட்பவருக்குத் தெரிவதில்லை. “தெரிந்து என்ன ஆகப்போகிறது? சொற்கள் அவையேதாமே!” என்று வினவுவோர் உண்டு. “இயந்திரம் வாசிப்பதைக் கேட்பதே கூடாது” என்று ஒதுக்குவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே நியாயம் எங்கே நிற்கிறது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

முதலில் ஒலிநூலின் பிறப்பைச் சற்றே அறிந்துகொள்வது நலம். 1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டு அவர் எழுதிய கட்டுரையில், பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்கள் என்பதையும் ஒரு பயனாகக் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அன்றைய தொழில்நுட்பம் அதற்கு இடந்தரவில்லை. பின்னர் வந்த இசைத்தட்டுகளிலும் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே பதிய முடிந்தது. ஒரு நாவலைப் பதிவதென்றால் தட்டுகளைச் சுமக்க ஆள் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

அமெரிக்காவில் 1931-இல் பார்வையற்ற பெரியவர்களுக்கு அரசு செலவில் நூல்கள் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் மெதுவாகச் சுழலும் தட்டுகள் உருவாக்கப்பட்டு, ‘பேசும் நூல்’ வழக்கத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் 1935-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தகைய சேவை தொடங்கியது. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களின் தேவை அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். அங்கு முதலில் வெளிவந்த நூல்களுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் இருந்தது. ஆக, ஒலிநூல் என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்காகத் தோன்றியதன்று; கண்ணொளி இழந்த ஒருவருக்கு இன்னொருவர் தம் குரலைக் கடனாகக் கொடுத்த செயல் அது. பின்னரே ஒலிநாடாவும், 1995-இல் தோன்றிய ஆடிபிள் போன்ற நிறுவனங்களும், இன்றைய செயலிகளும் அதனைப் பெருவணிகமாக்கின.

இயந்திரக் குரலின் வரலாறும் இதே வாசலில்தான் தொடங்குகிறது. 1976-ஆம் ஆண்டில் ரேமண்ட் கர்ஸ்வைல் என்ற அமெரிக்க அறிஞர், அச்சிட்ட பக்கத்தைத் தானே பார்த்து உரக்கப் படிக்கும் கருவியொன்றை வெளியிட்டார். அதுவும் பார்வையற்றோருக்காகவே. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய இரு இளைஞர்கள், கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை உருவாக்கி, உலகுக்கு இலவசமாகவே வழங்கினார்கள். அதன் குரலில் இனிமை குறைவுதான். ஆனால் பழகிய பார்வையற்ற அன்பர்கள் அதனை நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டு, நாளேடும் தேர்வுக் குறிப்பும் சட்டப் பிரிவும் படித்துவிடுகிறார்கள். அவர்களிடம் சென்று இயந்திரக் குரல் ஆகாது என்று சொல்ல நமக்கு வாய் வராது, வரவும் கூடாது.

அச்சில் வந்த நூல்களில் ஒரு சிறு பகுதியே எந்த மொழியிலும் ஒலிநூலாகியிருக்கிறது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே எத்தனையோ பழந்தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றுள்ளன. அவை ஒவ்வொன்றையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து வாசிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. எவரும் வாசிக்க முன்வராத நூலை இயந்திரமாவது வாசித்தால், அதனால் யாருடைய உணவும் பறிபோவதில்லை. ஒரு நூலுக்கு உயிர் வருகிறது. இந்த நன்மையை முதலில் வரவில் எழுதிவிட்டு மேலே செல்வோம்.

இனி, மனித வாசிப்பாளர் செய்யும் பணி யாது? எழுதியிருப்பதை உரக்கப் படிப்பது மட்டும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஆங்கில ஒலிநூல் ஒன்றில் மணிக்குச் சுமார் 9,000 சொற்கள் அடங்கும். 90,000 சொற்கள் கொண்ட நாவல் ஏறத்தாழ 10 மணி நேரம் ஒலிக்கும். அந்தப் பத்து மணி நேரத்துக்கு வாசிப்பாளர் ஒலிப்பதிவு அறைக்குள் அதைப் போல் இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேற்பட்ட நேரம் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னரே நூலை முழுவதும் படித்திருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு முதியவர் ஊமைக் காயம் பட்டவர் என்பது இருபதாம் அத்தியாயத்தில்தான் தெரியவரும். அதை அறியாமல் முதல் அத்தியாயத்தை வாசித்தால் குரல் பொய்யாகிவிடும். ஊர்ப்பெயர்களையும் அயல்மொழிச் சொற்களையும் பட்டியலிட்டு உச்சரிப்பை விசாரிப்பார். நூலாசிரியர் உயிரோடிருந்தால் அவரையே கேட்பார். பதிவு முடிந்த பின் வேறொருவர் மூலத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுக் கேட்பார். பிழை கண்ட இடங்களை மீண்டும் பதிவார்கள். ஜிம் டேல் என்னும் நடிகர் ஹாரி பாட்டர் கதைகளை அமெரிக்கப் பதிப்புக்காக வாசித்தபோது, ஒரே நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட கதைமாந்தர்க்குத் தனித்தனிக் குரல் அமைத்துக் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் குரல் என்பதை மறவாமல் காப்பதற்கே எத்தனை கவனம் வேண்டும்!

நம் தமிழ் எழுத்தின் இயல்பை நோக்கினால் வாசிப்பாளரின் அருமை இன்னும் நன்கு விளங்கும். நம்மிடம் ‘க’ ஒன்று, ‘த’ ஒன்று, ‘ப’ ஒன்று. தமிழ்ச் சொற்களில் இவை எங்கே வன்மையாக ஒலிக்கும், எங்கே மென்மையாக ஒலிக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வடசொற்கள் வந்து கலந்த நூல்களில் அந்த ஒழுங்கு போதாது. ‘பீமன் கதை’ என்று எழுதியிருக்கிறது என்று கொள்வோம். அது பீமனுடைய வரலாறா, பீமன் கையில் ஏந்திய ஆயுதமா? தாளில் வேறுபாடு இல்லை, நாவில் உண்டு. ‘தானம்’ என்பது கொடையாகவும் இருக்கலாம். ராகத்துக்கும் பல்லவிக்கும் இடையே பாடப்படும் தானமாகவும் இருக்கலாம். ‘பந்தம்’ என்பது உறவாகலாம். இரவு வீதியுலாவில் எரியும் தீப்பந்தமாகலாம்.

‘அவர் பாட்டில் பாவம் இல்லை’ என்று ஓர் இசை விமரிசகர் எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி வெளிப்படவில்லை என்பது அவர் சொன்ன குறை. வாசிப்பவர் அந்த ஒரு சொல்லை மாற்றி ஒலித்துவிட்டால், பாடகர் பாவமே அறியாதவர் என்று நற்சான்று அளித்ததாகிவிடும்!

இன்றைய இயந்திரங்கள் முன்பின் சொற்களைப் பார்த்துப் பல இடங்களில் சரியாகவே ஒலிக்கின்றன. நாளுக்கு நாள் தேர்ச்சியும் பெறுகின்றன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐயம் வந்த இடத்தில் மனித வாசிப்பாளர் நிற்பார். எழுதியவரையோ கற்றறிந்த ஒருவரையோ கேட்டுத் தெளிந்த பின்னரே தொடர்வார். இயந்திரம் ஐயமின்றித் தொடரும். சரியாகச் சொன்ன சொல்லும் தவறாகச் சொன்ன சொல்லும் அதனிடம் ஒரே உறுதியோடு வெளிப்படும். கேட்பவர் மூலநூலைக் கையில் வைத்திராதபோது அந்தத் தவறு தவறென்றே தெரியாமல் மனத்தில் பதிந்துவிடும். சிறுவர்கள் கேட்கும்போது இது இன்னும் பொருட்படுத்தத் தக்கது. உச்சரிப்பை அவர்கள் கற்பதே கேட்டுத்தான்.

சென்ற சில ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் நூலங்காடியில் எண்மக் குரலால் வாசிக்கப்பட்ட ஒலிநூல்களை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் குட்டன்பர்க் திட்டம், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடும் எம்.ஐ.டி. ஆய்வாளர்களோடும் இணைந்து, உரிமை காலாவதியான சுமார் 5,000 நூல்களை இயந்திரக் குரலில் இலவசமாக வெளியிட்டது. நவம்பரில் ஆடிபிளின் தாய் நிறுவனமான அமேசான், தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர்கள் தம் நூலை இயந்திரக் குரலில் ஒலிநூலாக்கிக்கொள்ள அமெரிக்காவில் வழிவகுத்தது. 2025 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை நிறுவனம், இலெவன்லேப்ஸ் என்ற நிறுவனத்தின் குரல்களால் ஆக்கப்பட்ட ஒலிநூல்களை ஏற்கத் தொடங்கியது. மே மாதத்தில் ஆடிபிளும் இவ்வசதியைப் பதிப்பகங்களுக்கு விரிவாக்குவதாக அறிவித்தது.

இதன் காரணம் எளிது. அனுபவமுள்ள வாசிப்பாளர் ஒருவரை அமர்த்திப் பத்து மணி நேர நூலைப் பதிவுசெய்ய அமெரிக்காவில் சில ஆயிரம் டாலர் செலவாகும். ஐந்நூறு படிகள் விற்றாலே பெரிது என்றிருக்கும் எழுத்தாளருக்கு அது எட்டாக் கனி. இயந்திரமோ மிகச் சிறு செலவில், சில மணி நேரத்தில் முடித்துத் தருகிறது. அந்த எழுத்தாளரைக் குறை கூற முடியாது. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. புதிதாகத் தொழிலுக்கு வரும் வாசிப்பாளருக்குப் புகழ்பெற்ற நாவல்கள் கிடைப்பதில்லை. சிறு எழுத்தாளர்களின் நூல்களை வாசித்துத்தான் அவர் தேர்ச்சி பெற வேண்டும். அந்தப் படிக்கட்டுகள் முழுவதையும் எடுத்துவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் மாடியில் நிற்கத் தக்க வாசிப்பாளர் எங்கிருந்து வருவார்?

இயந்திரம் இந்தக் கலையை யாரிடம் கற்றது என்பதையும் நாம் அறிய வேண்டும். 2005-ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹியூ மெக்குவையர் என்பவர் லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வ முயற்சியைத் தொடங்கினார். உரிமை காலாவதியான நூல்களை விருப்பமுள்ள எவரும் தம் வீட்டிலிருந்தபடியே வாசித்துப் பதிந்து, உலகுக்கு இலவசமாக அளிக்கலாம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றோர், இல்லத்தரசிகள், மாணவர்கள் என்று எத்தனையோ பேர் தம் மாலை நேரங்களை இதற்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. எவ்வித உரிமையும் கோராமல், எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்ட கொடை அது.

2015-இல் ஆய்வாளர்கள் அப்பதிவுகளிலிருந்து சுமார் 1,000 மணி நேரப் பேச்சைத் தொகுத்து, மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கணினிக்குப் பயிற்சி அளிக்கும் தொகுப்பாக வெளியிட்டார்கள். 2019-இல் அதே மூலத்திலிருந்து, கணினியைப் பேசவைப்பதற்கான தொகுப்பு ஒன்றும் உருவாயிற்று. அதாவது, கணினிக்குக் கேட்கவும் பேசவும் கற்பித்தவர்களுள், கைம்மாறு கருதாமல் வீட்டு மூலையில் அமர்ந்து வாசித்த அந்த நல்லவர்களும் அடங்குவர். சட்டப்படி இதில் பிழை ஏதுமில்லை. அவர்களே எல்லோருக்கும் என்று கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர்ப் பந்தலில் ஊற்றிய மோர் அது. அதைக் குடித்து வளர்ந்து, பின்னர் கடை விரித்தவர்கள் ஊற்றிய கைகளை நினைவிற்கொள்வது மரபு.

தொழில்முறை வாசிப்பாளர்களின் நிலை வேறு. அவர்கள் கூலிக்காக வாசித்தவர்கள். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு செய்தி வெளியாயிற்று. ஒலிநூல்களை விநியோகிக்கும் நிறுவனமொன்றின் ஒப்பந்தத்தில், பதிவுகளை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்த ஆப்பிள் நிறுவனத்துக்கு இடமளிக்கும் பிரிவு இருந்ததை வாசிப்பாளர்கள் கண்டார்கள். தாங்கள் அறியாமலே தங்கள் குரல் தங்களுக்குப் போட்டியாளரை வளர்க்கிறதோ என்று கொதித்தார்கள். நடிகர் சங்கமும் தலையிட்டது. அதன்பின் அந்தப் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் உட்பிரிவைப் படிக்காமல் கையெழுத்திடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்போலும்!

இங்கேதான் எனக்கு நான் அறிந்த வங்கித் தொழில் நினைவுக்கு வருகிறது. காசோலை ஒன்று வங்கிக்கு வந்தால் அதிலுள்ள தொகையை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. கையொப்பத்தைப் பார்க்கிறோம், கணக்குத் தொடங்கியபோது பெற்ற மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுகிறோம். எத்தனை அழகாக இருந்தாலும், உரியவர் இடாத கையொப்பம் செல்லாது. அதற்காக, பேனாவால் இட்ட கையொப்பம் ஒன்றே செல்லும் என்றும் வங்கிகள் பிடிவாதம் பிடிப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் தம் பங்குதாரர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஈவுத்தொகைக் காசோலை அனுப்பிய காலத்தில், அத்தனையிலும் ஓர் அதிகாரி கையால் ஒப்பமிட இயலுமா? அச்சிட்ட கையொப்பத்தையே வங்கிகள் ஏற்றன. ஆனால் அதற்கு முன்னதாக இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். அச்சிடப்படும் கையொப்பத்தின் மாதிரி வேண்டும். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பதாக ஈட்டுறுதிப் பத்திரம் வேண்டும். எந்த வரிசைக் காசோலைகளுக்கு என்ற வரம்பும் வேண்டும். நகல் கையொப்பம் இவ்வாறுதான் நேர்மையான கருவியாயிற்று. இந்த ஏற்பாடு எதுவுமின்றி அதே உருவை வேறொருவர் அச்சிட்டால் அதற்குப் பெயர் மோசடி.

மனிதக் குரலையும் இவ்வாறே கருதலாம் என்பது என் எண்ணம். ஒரு நூலை வாசிப்பவர், “இதனை நான் முழுவதும் படித்தேன், புரிந்துகொண்டேன், இவ்வாறு ஒலிப்பதற்கு நான் பொறுப்பு” என்று ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் ஒப்பமிடுகிறார். இயந்திரக் குரல் என்பது அச்சிட்ட கையொப்பம். உரியவரின் இசைவு, வரம்பு, ஊதியம், பொறுப்பு, இது நகல் என்ற வெளிப்படையான அறிவிப்பு ஆகிய ஐந்தும் இருந்தால் அதில் குற்றமில்லை. எட்வர்ட் ஹெர்மன் என்ற அமெரிக்க நடிகர் ஒலிநூல் வாசிப்பிலும் பெயர் பெற்றவர். அவர் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். அவருடைய குடும்பத்தாரின் இசைவோடு, பழைய பதிவுகளைக் கொண்டு அவரது குரல் செயற்கையாக ஆக்கப்பட்டுப் புதிய நூல்களை வாசிக்கிறது. மறைந்தவர் தாம் கண்ணாலும் காணாத நூலை வாசிப்பது முறையா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் அங்கே களவு இல்லை, கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கமே நடந்து வருகிறது. இயந்திரங்கள் இத்துறைக்கு வருமுன்னரே, 1988-இல், பெட் மிட்லர் என்ற பாடகியின் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தனித்தன்மை வாய்ந்த ஒருவரின் குரலை விளம்பரத்துக்காக வேண்டுமென்றே போலிசெய்வது தவறு என்று தீர்த்தது. அவர் பாட மறுத்த விளம்பரத்தில் அவரைப் போலவே இன்னொருவரைப் பாடவைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் டென்னசி மாநிலம் குரலைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் அனுமதியின்றி அவரது குரலைச் செயற்கை நுண்ணறிவால் ஆக்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. புகழ்பெற்ற பாடகர்கள் நீதிமன்றம் செல்லலாம். பெயர் அறியப்படாத ஒலிநூல் வாசிப்பாளர் எங்கே செல்வார்? அவருக்குக் காவலாக நிற்கக் கூடியது தெளிவான ஒப்பந்தமும், விவரமறிந்த கேட்போரின் ஆதரவும்தான்.

இதில் நமக்கு முன்னனுபவம் ஒன்று உண்டு. வங்கிகளுக்குக் கணினி வந்தபோது ஊழியர்கள் அஞ்சினார்கள்; எதிர்த்தார்கள். 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே, எந்தப் பணிக்கு, எத்தனை இயந்திரம் என்று உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின் படிப்படியாகவே மாற்றம் வந்தது. பேரேட்டைக் கூட்டிச் சரிபார்ப்பதில் இயந்திரம் எங்களைவிடத் திறமையாக இருந்தது. இரவு பத்து மணிவரை ஒரு பைசா வித்தியாசத்தைத் தேடிய நாட்கள் ஒழிந்தன. அதற்காக வருந்தியவர் எவருமில்லை. ஆனால் கடன் கேட்டு எதிரே அமர்ந்த விவசாயியின் சொல்லில் உண்மை இருக்கிறதா என்று பார்க்க ஒரு மேலாளர் தேவைப்பட்டார். எந்த வேலையைக் கருவியிடம் கொடுப்பது, எதை மனிதரிடம் வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசித் தீர்மானித்ததால் பெரும் சேதம் தவிர்ந்தது. ஒலிநூல் துறையில் அத்தகைய பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நம் இல்லங்களில் நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

ஒலிநூலைத் தெரிவுசெய்யும்போது நூலின் பெயர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றோடு வாசித்தவர் பெயரையும் பாருங்கள். ஆப்பிள், அமேசான் போன்றவை இயந்திரக் குரல் என்பதை நூல் விவரத்தில் குறிக்கின்றன. அத்தகைய குறிப்பும் இல்லாமல், வாசித்தவர் பெயரும் இல்லாமல் இருந்தால், அந்தச் செயலிக்கோ பதிப்பகத்துக்கோ ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதிலளிப்பார்கள். நூறு பேர் கேட்டால் பெயரை அச்சிடுவார்கள்.

எதற்கு எந்தக் குரல் என்று பகுத்துக்கொள்ளுங்கள். நாளேடு, அரசாணை, காப்பீட்டு விதிமுறை, பேரப்பிள்ளையின் போட்டித் தேர்வுக் குறிப்பு ஆகியவற்றை இயந்திரம் படித்தால் போதும். கதை, வாழ்க்கை வரலாறு, சொல்லுக்குச் சொல் ஆழமுள்ள நூல் ஆகியவற்றை, நல்ல வாசிப்பாளர் பதிவு செய்திருந்தால், அதனையே நாடுங்கள். சில ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அது ஒருவரின் உழைப்புக்குச் செல்லும் கூலி. மனித வாசிப்பே இல்லாத நூலுக்கு இயந்திரக் குரலைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் அருகில் இருந்தால் அச்சுநூலையும் திறந்து வையுங்கள். ‘கதை’யையும் ‘பந்த’த்தையும் திருத்திச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ குரல்வளம் இருந்து, பதிவு செய்து தரும்படி எவரேனும் கேட்டால், எழுத்தில் பெறுங்கள். எந்த நூலுக்கு, எத்தனை ஆண்டுக்கு, இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்துவார்களா, அதற்குத் தனி ஊதியம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தாளில் இருக்க வேண்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுக்காதது போலவே, வரம்பில்லாமல் குரலையும் கொடுக்காதீர்கள்.

நேரமும் தெளிவான உச்சரிப்பும் உள்ள மூத்தோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் பயிலும் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிந்து தரும் தன்னார்வலர்கள் நம் நகரங்களில் உள்ளனர். ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் பாடநூலை இயந்திரம் இன்னும் தடுமாறித்தான் படிக்கிறது. அட்டவணையும் அடிக்குறிப்பும் வந்தால் திசை மாறிவிடுகிறது. வாரம் இரண்டு மணி நேரம் போதும். ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தின் பாடம் கிடைத்துவிடும். உங்கள் ஊரில் உள்ள கல்லூரியின் நூலகரையோ, பார்வையற்றோர் பள்ளியின் தலைமையாசிரியரையோ அணுகினால் வழி சொல்வார்கள்.

பிரகலாதன் தன் தந்தையிடம் ஒன்பது வகை பக்தியைக் கூறியபோது, கேட்டலை முதலாவதாக வைத்தான் என்று பாகவதம் சொல்கிறது. வள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்பது அத்தனை பெரிய காரியமாக மதிக்கப்பட்ட மரபில் வந்த நாம், கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதிலும் அக்கறை காட்ட வேண்டும். இன்றிரவு உங்கள் வீட்டில் ஒலிநூல் ஒலித்தால், நூலின் தொடக்கத்தில் வாசித்தவர் பெயர் சொல்லப்படுகிறதா என்று கவனியுங்கள். சொல்லப்பட்டால், ஆசிரியர் பெயரோடு அந்தப் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.